எண்ணாமல் முடியாத வேலை: கிள்ளான் பள்ளத்தாக்கின் பாலர் வகுப்பில் கைவினையும் எண்ணறிவும்

1. கேள்வி

மேரு, கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தப் பகுதியிலும் பாலர் வகுப்புச் சுவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். '5' என்ற எண்ணுருவின் கோட்டுக்குள் பச்சைப்பயறு ஒட்டப்பட்டிருக்கும். '2' வாத்தாகியிருக்கும். '8', பனியே விழாத இந்த நாட்டில், பனிமனிதனாக நிற்கும். கீழே பிள்ளையின் பெயர், மேலே ஆசிரியர் ஒட்டிய நட்சத்திரம். கைவினை வழியே எண் கற்பித்தல் என்ற சொற்றொடரைக் கேட்டதும் பெற்றோர் மனத்தில் எழும் படமும் இதுதான்.

பயறு ஒட்டிய பிள்ளைக்கு ஐந்து என்றால் எவ்வளவு என்று தெரிந்ததா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுவே. கைவினை தேவையா வேண்டாமா என்பது இங்கே வழக்கல்ல. நாலைந்து வயதுப் பிள்ளை கையால் செய்துதான் கற்கும் என்பதை மறுப்போர் இன்று அரிது. எந்த வகைக் கைவேலை எண்ணறிவை வளர்க்கிறது, எந்த வகை அதை வளர்ப்பதுபோலத் தோன்றுகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே நோக்கம்.

மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர்கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2010இல் நடப்புக்கு வந்து 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் ஆறு கற்றல் துறைகளை வகுத்தது. அவற்றுள் தொடக்கக் கணிதம் அறிவியல் தொழில்நுட்பத் துறையில் அமைந்தது. வரைதல், ஒட்டுதல், மடித்தல் எல்லாம் உடல் வளர்ச்சி, அழகியல் துறையில் அமைந்தன. கருப்பொருள் அடிப்படையில் இரண்டையும் இணைக்கச் சொன்னது ஆவணம். எப்படி இணைப்பது என்பது 25 பிள்ளைகளோடும் ஓர் உதவியாளரோடும் இருக்கும் ஆசிரியரின் பாடு. பச்சைப்பயறு வரும் வழி இதுதான்: அழகியலுக்கு ஒட்டுவேலை ஆயிற்று, கணிதத்துக்கு '5' ஆயிற்று, இரண்டும் ஒரே தாளில் முடிந்தன.

2. கைவினைக் கல்வியின் பழைய வரலாறு

1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃப்ரோபெல் தொடங்கிய நிறுவனமே பின்னர் கிண்டர்கார்டன் என்ற பெயரால் உலகறிந்தது. காகித மடிப்பு, பின்னல், தையல், களிமண் வேலை ஆகியவை அவரது திட்டத்தில் பொழுதுபோக்காக வைக்கப்படவில்லை. வடிவமும் அளவும் எண்ணும் அவற்றினூடே குழந்தைக்குப் புலப்படும் என்று அவர் நம்பினார். தமிழர்க்கு நெருக்கமான அடுத்த பெயர் மரியா மாண்டிசோரி. 1939இல் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து பயிற்சி வகுப்பைத் தொடங்கியவர், போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

அவருடைய கருவிகளில் ஒன்று நம் கேள்விக்கு நேரடியான விடை தருவதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து அறைகள் கொண்ட பெட்டி. கூடவே 45 மரக்குச்சிகள். குழந்தை ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய எண்ணிக்கையில் குச்சிகளை வைக்க வேண்டும். 1 முதல் 9 வரை கூட்டினால் 45. ஏதாவது ஓர் அறையில் ஒன்று கூடினாலும் கடைசி அறைக்குப் போதாது. குறைந்தால் கையில் மிஞ்சும். தவறை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும். சுழியத்தின் அறை வெறுமையாகவே இருக்கும். 'ஒன்றுமில்லை' என்பதும் ஓர் எண்ணிக்கை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கற்பித்த கருவி குறைவு.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலையே பாடத்தின் மையமாக்கியது. தக்ளி என்னும் கைக்கதிரில் நூற்கும் பிள்ளை நூலின் நீளத்தையும் இழைகளையும் கணக்கிட்டே ஆகவேண்டும்; கணிதம் தொழிலின் உள்ளிருந்து எழும் என்பது வாதம். அது சற்றே பெரிய பிள்ளைகளுக்கான திட்டம் என்றாலும் கருத்தளவில் இங்கே பொருந்துகிறது. ஆனால் தமிழர் நினைவில் பள்ளியும் கைத்தொழிலும் சேரும்போது வேறொரு நெருடலும் எழும். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்ன அரைநாள் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. மலாயாவிலோ 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளைப் பள்ளி நடத்தக் கட்டாயப்படுத்தியும், தோட்டப் பிள்ளை தோட்டத்தைத் தாண்டும் அளவுக்கு அப்பள்ளிகள் வளரவிடப்படவில்லை. உழைக்கும் கையிலிருந்து விடுபட்டு எழுதும் கைக்கு வருவதையே கல்வி என்று கண்ட தலைமுறைகள் இவை. "பள்ளிக்கு அனுப்பினால் தாளை வெட்டி ஒட்டிக்கொண்டு வருகிறான், ஏட்டில் எழுதவில்லையே" என்று கிள்ளானில் ஒரு பாட்டி குறைப்பட்டால் அதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. அதன் பின்னே வரலாறு இருக்கிறது என்பது என் வாசிப்பு.

3. எண் தெரிதல் என்பது எது

ஒன்று முதல் இருபது வரை ஒப்பிக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு உறவினர் கைதட்டுவார்கள். அது எண்ணறிவு ஆகாது. பாட்டு மனப்பாடம் போன்றது. ரோஷல் கெல்மனும் காலிஸ்டெலும் 1978இல் எழுதிய நூல் எண்ணுதலுக்குள் ஐந்து நெறிகளைக் கண்டது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் வரிசை மாறாமை, கடைசியாகச் சொன்ன சொல்லே மொத்த அளவு, எதையும் எண்ணலாம், எந்தப் பக்கமிருந்தும் எண்ணலாம். இவற்றுள் மூன்றாவதுதான் கடினம்.

அதைச் சோதிக்கக் கேரன் வின் 1990இல் பயன்படுத்திய முறை மிக எளிது. ஒரு கூடை பொம்மைகளை முன்வைத்து "எனக்கு மூன்று கொடு" என்று கேட்பார்கள். பத்து வரை தடையின்றி எண்ணும் பிள்ளைகள் பலர் கைநிறைய அள்ளித் தருவார்கள். ஒன்று கேட்டால் ஒன்று தரும் நிலை, பின்னர் இரண்டு, பின்னர் மூன்று என்று மாதக்கணக்கில் படிப்படியாக ஏறி, ஒரு கட்டத்தில் திடீரென எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணி எடுத்துக் கொடுக்கும் நிலையை அடைகிறார்கள். எண்ணுதல் எதற்குப் பயன்படுகிறது என்பது அப்போதுதான் விளங்கியிருக்கிறது. பாலர் வகுப்பின் எண் கற்பித்தலை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. எண்ணுருவை அடையாளம் காண்பது, அதை எழுதுவது ஆகியவை வேறு திறன்கள். அவையும் வேண்டியவையே, ஆனால் அவற்றால் இந்த இடைவெளி நிரம்பாது.

இப்போது பச்சைப்பயறுக்குத் திரும்பலாம். '5' இன் கோட்டுக்குள் நாற்பது பயறு ஒட்டியிருக்கலாம், அறுபதும் ஒட்டியிருக்கலாம். பிள்ளை ஐந்து என்ற அளவை ஒருமுறையும் கையாளவில்லை. கண்டிப்பாகச் சொன்னால், ஐந்து என்ற குறிக்கு அறுபது பொருள்களைக் காட்டியிருக்கிறோம். விரல்நுனிக்கு அது நல்ல பயிற்சி, எண்ணுக்கு அது குழப்பம்.

4. பொருளே தடையாகும்போது

தொட்டு விளையாடும் பொருள் எதுவாயினும் கணிதத்துக்கு உதவும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் முழுதாக ஆதரிக்கவில்லை. 2013இல் கார்பனோவும் உடனாய்வாளர்களும் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடுபொருள்களால் பயன் உண்டு, ஆனால் அது சிறிதிலிருந்து நடுத்தரம் வரையே, பொருளை எப்படிப் பயன்படுத்திக் கற்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது என்ற முடிவுக்கு வந்தனர்.

காரணத்தை ஜூடி டெலோச்சின் சோதனைகள் காட்டுகின்றன. ஓர் அறையின் சிறு மாதிரிவடிவில் பொம்மையை ஒளித்துவைத்துக் காட்டிவிட்டு, உண்மை அறையில் அதேபோன்ற பெரிய பொம்மையைத் தேடச் சொன்னார். மூன்று வயதினர் பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள். அதே வயதினரை முன்னதாக மாதிரியறையோடு சிறிது நேரம் விளையாடவிட்டபோது தேடலில் பின்தங்கினார்கள். மாதிரி அவர்களுக்கு வேறொன்றின் குறியாக இராமல் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. 1997இல் உட்டல், ஸ்கடர், டெலோச் மூவரும் இந்த வாதத்தைக் கணிதப் பொருள்களுக்கு விரித்தனர்: ஒரு பொருள் தானாகவே எவ்வளவு சுவையானதோ அவ்வளவுக்கு அதைக் குறியாகக் காண்பது கடினம். 2013இல் பீட்டர்சனும் மெக்னீலும் பாலர் வயதினரிடம் இதை நுணுக்கமாகப் பார்த்தனர். கண்ணைக் கவரும் பொருள், அதிலும் குழந்தைக்கு முன்பே நன்கு தெரிந்த பொருள், எண்ணும் திறனைக் குறைத்தது. அறிமுகமில்லாத பொருளாயின் கவர்ச்சி கெடுக்கவில்லை, உதவவே செய்தது.

ஆகவே நெகிழிச் சிங்கத்தையும் யானையையும் எண்ணக் கொடுத்தால் பிள்ளை சிங்கத்தை உறுமவிடும், அது இயல்பு. புட்டி மூடியோ ஐஸ்கிரீம் குச்சியோ கொடுத்தால் உறும ஒன்றுமில்லை. இவை விலையில்லாமல் கிடைப்பதும் நல்லதே. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: சிவப்பும் கறுப்புமான குன்றிமணி நஞ்சு. மலாய்க்காரர் 'சகா' என்று அழைக்கும் முழுச்சிவப்பு மஞ்சாடி விதை வேறு. இரண்டையும் மாற்றிக் கொள்வோர் உண்டு.

5. இரண்டு வகை வேலை

மேற்கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிரிவினை கிடைக்கிறது. எண்ணுருவை அலங்கரிக்கும் வேலை ஒன்று. எண்ணாமல் முடியாத வேலை மற்றொன்று. முதல் வகையில் எண்ணிக்கை தவறினாலும் கைவினை அழகாகவே முடியும். இரண்டாம் வகையில் எண்ணிக்கை தவறினால் வேலையே கோணும், அந்தக் கோணல் பிள்ளையின் கண்ணில் படும். 45 குச்சிகளின் பண்பு இதுவே.

இரண்டாம் வகைக்கு நாம் வெளிநாட்டுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மலேசியப் பேரங்காடிகளில் முட்டை பத்துப் பத்தாக, இரண்டு வரிசையில் ஐந்தைந்து குழிகள் கொண்ட பெட்டியில் விற்கிறது. உலகெங்கும் தொடக்கக் கணித ஆசிரியர்கள் அட்டையில் வரைந்து பயன்படுத்தும் பத்துச் சட்டகத்தின் அமைப்பும் அதுதான். வண்ணம் பூசி, பிள்ளை உருட்டிய களிமண் முட்டைகளை அடுக்கச் சொன்னால், ஏழு வைத்ததும் மூன்று குழி காலியாக நிற்கும். "இன்னும் எத்தனை உருட்ட வேண்டும்?" என்ற கேள்வி பாடநூலிலிருந்து வராமல் பெட்டியிலிருந்தே வருகிறது. உருட்டுவது கைவினை, காலிக்குழி கணிதம். முப்பது குழித் தட்டை வெட்டி இருபக்கமும் ஏழேழு குழி ஒட்டினால் பல்லாங்குழி. இருமுனையிலும் ஒவ்வொரு கிண்ணம் சேர்த்தால் மலாய் நண்பன் வீட்டுச் சொங்காக். ஒரு குழிக்கு ஒரு விதை என்று இட்டுக்கொண்டே போகும் அந்த விளையாட்டு, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற முதல் நெறியை விரலால் பழக்குகிறது.

கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பூக்கடைகளைத் தாண்டாமல் நடக்க முடியாது. பூத்தொடுத்தலில் கண்ணிக்குக் கண்ணி எண்ணிக்கை உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையால் நாரில் முடிச்சிட இயலாதுதான். தடித்த நூலில் வெட்டிய உறிஞ்சுகுழல் துண்டுகளை இரண்டு வெள்ளை, ஒரு மஞ்சள், மீண்டும் இரண்டு வெள்ளை என்று கோக்க இயலும். ஓரிடத்தில் வெள்ளை மூன்றாகிவிட்டால் மாலை பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும். இத்தகைய அடுக்குமுறைப் பயிற்சி வீண்வேலை அன்று. ஆஸ்திரேலியப் பாலர்பள்ளிகளில் பாப்பிக், மல்லிகன், மிட்செல்மோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டுவரும் அடுக்குகளில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஓராண்டுக்குப் பின் எண் தொடர்பான சோதனையிலும் முன்னின்றனர்.

கோலத்தைப் பற்றிப் பேசும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்ததை எடுத்துக்காட்டி, கோலமே கணிதம் என்று மேடையில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. கோலத்தில் கணிதம் இருப்பதும் கோலமிடும் குழந்தை அதைக் கற்பதும் வெவ்வேறு செய்திகள். தீபாவளிக்குப் பேரங்காடித் தரையில் வண்ண அரிசி நிரப்பும் பிள்ளை வண்ணத்தை நிரப்புகிறது, அவ்வளவே. எண்ணிக்கை பெரியவர் வரைந்த கோட்டிலேயே முடிந்துவிட்டது. புட்டி மூடிகளைப் புள்ளிகளாக வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்தால் நிலை மாறும். மூன்று புள்ளியில் தொடங்கி இரண்டில் முடியும் ஊடுபுள்ளிக்கு இரண்டு, மூன்று, இரண்டு என ஏழு மூடிகள். ஐந்திலிருந்து மூன்றுக்கு மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று எனப் பத்தொன்பது. ஒரு மூடி குறைந்தால் கோடு சுற்றி வராது. கோட்டை ஆசிரியர் போட்டுக்கொள்ளட்டும்.

பொருளும் வேலையும் சரியாக அமைந்தபின்னும் ஒன்று மிச்சமிருக்கிறது: பேச்சு. 2006இல் கிளிபனாஃப் குழுவினர் பாலர் ஆசிரியர்களின் வகுப்புப் பேச்சைப் பதிந்து ஆராய்ந்தபோது, கணிதச் சொற்கள் அதிகம் புழங்கிய வகுப்பின் பிள்ளைகள் அவ்வாண்டில் கூடுதலாக வளர்ந்திருந்தனர். கண்டர்சனும் லெவினும் 2011இல் வீட்டுப் பேச்சை ஆராய்ந்தனர். கண்முன் இருக்கும் பொருள்களை, அதுவும் நான்கு முதல் பத்து வரையிலான தொகுதிகளை, எண்ணிப் பெயரிட்ட பெற்றோரின் பிள்ளைகளிடம் பின்னாளில் எண்ணறிவு மிகுந்திருந்தது. கெல்லி மிக்ஸ் குழுவினரின் 2012ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் கூர்மையானது. "இதோ நான்கு" என்று மொத்தத்தைச் சொல்லிவிட்டு உடனே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்காட்டியது பலன் தந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தது அவ்வாறு தரவில்லை. "அழகா ஒட்டியிருக்கே கண்ணு" என்ற பாராட்டோடு நின்றுவிடும் கைவினைப் பாடத்தில் இழப்பது இந்தச் சில விநாடிகளைத்தான்.

6. மும்மொழிப் பிள்ளை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழிலும் தொலைக்காட்சியில் ஆங்கிலத்திலும் அண்டைவீட்டில் மலாயிலும் எண்ணக் கேட்கிறது. கணிதத்தை எம்மொழியில் கற்பிப்பது என்பது இங்கே அரசியலும்கூட: 2003இல் ஆங்கிலத்துக்கு மாறியது, பின்னர் அம்முடிவு திரும்பப் பெறப்பட்டது, 2016இல் இருமொழித் திட்டம் வந்தது, தமிழ்ப்பள்ளிகளைச் சுற்றி வாதங்கள் மூண்டன. பாலர் வயதுக்கு அந்த வாதத்தின் சூடு தேவையில்லை, அறிவியல் தேவை.

வாக்னர், பார்னர் முதலியோர் 2015இல் ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ ஸ்பானியமோ பேசும் இருமொழிப் பாலர்களைச் சோதித்தனர். ஒன்று, இரண்டு, மூன்று என்ற சிறு எண்களின் பொருளை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே கற்க வேண்டியிருந்தது. ஆனால் எண்ணுதலின் கடைசிச் சொல்லே மொத்தம் என்ற நெறி ஒரு மொழியில் பிடிபட்டதும் மற்றதிலும் கைகொடுத்தது. இதிலிருந்து நம் வகுப்புக்கு நான் எடுப்பது இது: ஒரு கைவேலையின் நடுவில் மொழி மாற்ற வேண்டாம். பிள்ளைக்கு நெருங்கிய மொழியில், பெரும்பாலும் தமிழில், அந்த நெறியைப் பிடிக்கவிட்டு, மற்ற மொழிகளில் சிறு எண்களுக்குத் தனி வாய்ப்புத் தரலாம். களிமண் முட்டையை "ஒன்று, டூ, தீகா" என்று கலந்து எண்ணுவது கேட்க வேடிக்கை. வரிசை மாறாமை என்ற நெறிக்கு அது உதவாது.

7. மறுப்புகள்

பயறு ஒட்டுவதை இவ்வளவு தாழ்த்தலாமா என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. கிரிஸ்மர் குழுவினர் 2010இல், பள்ளி தொடங்கும்போது இருந்த விரல்நுனித் திறன் பிற்காலக் கணித அடைவை முன்னறிவிப்பதாகப் பெரிய தொடர்தரவுகளிலிருந்து காட்டினர். அப்படியாயின் எந்த ஒட்டுவேலையும் பயன்தானே? ஆனால் உடன் வளர்வது ஒன்று, காரணமாவது வேறு. விரல்நுனிக்காக ஒட்டட்டும்; அதை எண் பாடம் என்று பதிவேட்டில் எழுதாதிருப்பதே நேர்மை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: கைவினைக்குச் செலவிடும் நேரத்தில் அட்டை விளையாட்டு ஆடினாலே போதாதா? சீக்லரும் ராமானியும் 2008இல் குறைந்த வருமானக் குடும்பப் பாலர்களோடு 1 முதல் 10 வரை நேர்க்கோட்டில் எண்ணிட்ட அட்டையில் இரண்டு வாரத்துக்குள் நான்குமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 நிமிடம் ஆடியதிலேயே எண்ணறிவு முன்னேறியது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் மட்டும் இருந்த அட்டையில் ஆடியவர்களுக்கு அம்முன்னேற்றமில்லை. 2009இல் வட்டமான அட்டையை வைத்துப் பார்த்தபோதும் நேரான அட்டையே வென்றது. இந்த மறுப்புக்கு நான் பாதி இணங்குகிறேன். அந்த அட்டையைப் பிள்ளைகளே சம அளவுக் கட்டங்களாக வெட்டி வரிசையாக ஒட்டிச் செய்யட்டும், செய்த பின் ஆடட்டும். செய்வதோடு நிறுத்திச் சுவரில் மாட்டினால் பாதிக்குமேல் வீண்.

25 பிள்ளைகள் என்ற எண்ணிக்கை மூன்றாவது மறுப்பு, அதுவே வலுவானது. இரண்டாம் வகை வேலைக்கு ஆசிரியர் அருகிலிருந்து பேச வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்குமேல் அது நடவாது. உதவியாளர் பசையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொடுப்பவராக மட்டும் இருக்கும்வரை இச்சிக்கல் தீராது. கணிதப் பேச்சுக்கு அவரையும் பயிற்றுவிப்பதே வழி. அதற்கான செலவு சுவர் அலங்காரப் பொருள்களைவிடக் குறைவாகவே இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.

8. ஒரு வேண்டுகோள்

மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்காவில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் நடந்தவை. மேருவின் பிள்ளைக்கு அவை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள இயலாது. தஞ்சோங் மாலிமின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களிலும் தமிழ்ப் பிரிவில் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் செயலாய்வு எழுதுகிறார்கள். அவர்களிடம் கேட்பது இவ்வளவே. அடுத்த பருவத்தில் ஒரு தமிழ்ப் பாலர் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு எண்ணுருவில் பயறு, பாதிக்கு முட்டைப்பெட்டி. தொடக்கத்திலும் முடிவிலும் புட்டி மூடிக் கூடையை நீட்டி, தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை, "எனக்கு ஐந்து கொடு" என்று கேளுங்கள். கிடைப்பதை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அப்படியே அச்சிடுங்கள்.